நாலாவது செட்டர்

அத்தியாயம் 17

போன வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கனிஷ்காதான் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதி அனுப்பியிருந்தன. உடுமலையிலிருந்து ஒரு வாசகி, "அந்த நாத்தனாரை முதலில் கட்டிக்கொடுத்து அனுப்புங்கள், கதை தானாகச் சரியாகிவிடும்" என்று யோசனையும் சொல்லியிருந்தார். மருமகள் பக்கத்தில் ஏதாவது கெட்டுப்போனால் உடனே நாத்தனாரைத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். சைத்ராவும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. போத்தனூரில் ஒரு வீட்டு மாடியில் மூன்று பேர் நடத்தும் சின்னக் கம்பெனி. கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்து கொடுக்கிறார்கள். முட்டை அடைகாக்கும் மெஷினில் சூடு ஏறினால் அந்தப் பெட்டி சைரன் அடிக்கும், போனும் போடும். பெட்டியைச் செய்து மாட்டுவது கிருபாசங்கர். உள்ளே ஓடும் புரோகிராமை எழுதுவது அவன் தங்கை கனிஷ்கா. செல்போன் ஆப் அவன் மனைவி சைத்ராவின் பொறுப்பு.

சைத்ரா நாயுடு வீட்டுப் பெண். இவர்கள் கவுண்டர் வீடு. காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதன்பிறகு ஒன்றரை வருடம் சைத்ராவின் அப்பா லட்சுமணசாமி மாப்பிள்ளையின் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு அவரே இறங்கி வந்து, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் பண்ணையில் மாப்பிள்ளையின் பெட்டிகளைப் போடச் சொன்னார். வாயால் சமாதானம் பேசத் தெரியாதவர். ஆர்டர் கொடுத்துப் பேசினார்.

இரண்டு குடும்பமும் முதல்முறையாக ஒன்றாகக் கொடுமுடி கோவிலுக்குப் போயிருந்த திங்கட்கிழமை மத்தியானம், பண்ணையில் நாலாவது மெஷினின் ஃபேன் பெல்ட் அறுந்து சூடு ஏறியது. சைரன் அடிக்கவில்லை. யாருக்கும் போன் வரவில்லை. பன்னிரண்டு நாள் அடைகாத்த பத்தொன்பதாயிரம் முட்டைகள் போயின. அதுவும் சரியாக நாலாவது மெஷினில். மற்ற மூன்றிலும் பெட்டி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

அது நடந்து பதினோரு நாள் ஆகிறது.

வெள்ளிக்கிழமை காலை சந்தகையும் தேங்காய்ப் பாலும். சைத்ராவுக்கு ஹாலில் மேஜைமேல் தட்டு வைத்திருந்தாள் மாமியார் சாமியாத்தாள்.

"நீங்க உக்காருங்க அம்மணி. எதுக்கு எந்திரிக்கறீங்க? வேணுங்கறத நான் கொண்டாந்து வெக்கறேன்."

"நானே எடுத்துக்கறேனுங்க அத்தை."

"இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க."

இரண்டு வருடமாக இதே பேச்சு. ஒரு பாத்திரத்தைக் கழுவ விட்டதில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஊரில் எத்தனையோ மருமகள்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் சைத்ராவுக்கு அந்த ஹால் மேஜை பிடிக்கவில்லை. சமையலறைக்குள் கனிஷ்கா மேடைமேல் ஏறி உட்கார்ந்து, பாத்திரத்திலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டு அம்மாவோடு வம்பு பேசுவாள். சைத்ரா தட்டோடு உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

இன்றைக்கும் நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்னால் கனிஷ்கா சொன்ன அரை வாக்கியம் காதில் விழுந்துவிட்டது.

"...அண்ணிக்குத் தெரிஞ்சா என்னாகும்னு யோசிச்சுப் பாரும்மா."

குழாயைத் திறந்துவிட்டாள் சாமியாத்தாள். தண்ணீர்ச் சத்தம் மிச்சத்தை மூடிவிட்டது.

"தட்ட வெச்சுட்டுப் போங்க அம்மணி, நான் கழுவிக்கறேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

தெரிந்தால் என்ன ஆகும்? எது தெரிந்தால்? யோசித்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள் சைத்ரா. கனிஷ்காவுக்குக் கோபம் இருக்கக் காரணம் உண்டு. அண்ணன் கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்வது தங்கையின் உரிமை. அதற்காகப் பட்டுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தாளாம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்ததில் அந்தச் சேலை பீரோவிலேயே கிடக்கிறது. ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் சைத்ராவை உறுத்தியது.

மாடியில் மேஜைமேல் அந்தக் கடிதம் காத்திருந்தது. நேற்று கிருபாசங்கர் எழுதி அச்செடுத்து வைத்தது. "எச்சரிக்கைப் பெட்டியின் செயல்பாட்டில் எவ்விதக் குறையும் காணப்படவில்லை" என்று ஆரம்பித்தது. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, நாலாவது மெஷினில் நாலு முறை சோதித்ததாகவும், நாலு முறையும் சைரன் அடித்ததாகவும் தொடர்ந்தது. கீழே, பரிசோதித்தவர்: சைத்ரா கிருபாசங்கர். அதற்கு மேல் கையெழுத்துக்கு இடம்.

பொய் ஒன்றும் இல்லை. அவள்தான் சோதித்தாள். சூடு அறியும் கம்பியை வெந்நீர் டம்ளரில் முக்கி முக்கிப் பார்த்தாள். நாலு தரமும் சைரன் காதைப் பிளந்தது. பெட்டி நன்றாக இருக்கிறதென்றால், அன்று யாரோ சுவரில் இருக்கும் சைரன் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அதை அணைத்தால் போனும் போகாது. அங்கே இருந்தது ஒரே ஆள். இருபது வருடமாக மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சென்னிமலை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயரும் பழக்கமும் அவருக்கு உண்டு. லட்சுமணசாமி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இன்று மாலை நாலு மணிக்கு இங்கே வந்து, இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்.

ஆக, ஒரு மனிதன் ஸ்டேஷன் படி ஏறுவதும் ஏறாததும் சைத்ராவின் கையெழுத்தில் இருந்தது.

பத்து மணிக்குக் கிருபாசங்கர் பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டான்.

"கையெழுத்துப் போட்டு வெச்சுட்டியா?"

"இன்னும் இல்ல."

"போட்டு வெச்சுரு சைத்ரா. மூணு மணிக்கெல்லாம் வந்துர்றேன். மாமா வந்து காத்திருக்கக் கூடாது."

"கிருபா, சென்னிமலை அண்ணன் அப்படிச் செய்வாருன்னு நீ நெனக்கறியா?"

"நான் என்ன நெனச்சா என்ன? டெஸ்ட்ல வந்ததத்தான எழுதியிருக்குது" என்றான்.

வைத்த உடனே இன்னொரு போன். தெரியாத நம்பர்.

"சின்னம்மணிங்களா? நான் வள்ளியாத்தா பேசறேனுங்க. சென்னிமலையூட்டு."

சைத்ரா எழுந்து நின்றுவிட்டாள். "சொல்லுங்கக்கா."

"அவரு கண்ணசருவாருங்க, இல்லைங்கல. ஆனா அன்னிக்கு நான் சோறு கொண்டுட்டுப் போயிருந்தேன். ஜெனரேட்டர் ரூம் பக்கத்துலதான் ரெண்டு பேரும் உக்காந்து உண்டோம். சைரன் சுச்சு எங்க தலைக்கு மேலதானுங்க இருக்குது. பச்ச லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. நான் என்ற கண்ணால பாத்தேன்."

"சைரன் அடிக்கலீங்களா?"

"அடிச்சிருந்தா எனக்குக் கேக்காதுங்களா கண்ணு? நெம்ப நேரம் கழிச்சு அவரே போயி கதவத் தொறந்து பாத்துத்தான் ஐயோன்னு கத்துனாரு. ரெண்டு நாளா மனுசன் சோறு தொடல. இன்னிக்கு வெடியால ஒரு காயிதத்த மடிச்சு எடுத்துக்கிட்டு எங்கியோ போயிருக்காரு. எனக்கு பயமா இருக்குதுங்க."

பச்சை விளக்கு எரிந்தால் சுவிட்ச் போட்டிருக்கிறது என்று அர்த்தம். வள்ளியாத்தாளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பொய் சொல்பவர்கள் விளக்கின் நிறத்தை நினைவு வைத்துக்கொண்டு பேசுவதில்லை என்று சைத்ராவுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை அடிக்காதது புதன்கிழமை அடித்திருக்கிறது. அப்படியானால் நடுவில் என்ன மாறியது?

அடுத்த அறையில் கனிஷ்கா வேலை செய்துகொண்டிருந்தாள். சைத்ரா கதவைத் தள்ளியதும் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

இப்படி மூடினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்.

"கனிஷ்கா, சைரன் புரோகிராம் எனக்குப் பாக்கணும். இப்ப இருக்கறது இல்ல. அந்தத் திங்கக்கிழமை பண்ணையில ஓடுனது."

"அது எதுக்குங்க அண்ணி? உங்க வேலை ஆப்தானுங்களே."

"என்ற கையெழுத்துத்தான கேக்கறாங்க. அப்ப நான் பாக்கணும்."

"அண்ணன் வரட்டுங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அண்ணன் வந்தா எங்க நைனாவும் வந்துருவாரு." சைத்ரா குரலை உயர்த்தாமல் கேட்டாள். "காலைல அத்தைகிட்ட என்ன சொல்லிட்டு இருந்த? எனக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

கனிஷ்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. சைத்ரா எதிர்பார்த்தது கோபத்தை. அழுகையை அல்ல.

"என்ற தப்புத்தானுங்க அண்ணி. நான்தான் பண்ணிப்போட்டேன்."

கடிதம் எழுதிய வாசகிகள் இங்கே கை தட்டலாம். ஆனால் சித்தெ பொறுங்கள்.

கனிஷ்கா லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு வரி. நாலு மாதத்துக்கு முன்னால் அவள் எழுதியது.

அது என்னவென்று எனக்கே ஒருவர் மூன்று முறை சொல்லித்தான் புரிந்தது. உங்களுக்கு ஒரே முறையில் சொல்லப் பார்க்கிறேன். ஒரு பண்ணையில் எத்தனை மெஷின், என்னென்ன மெஷின் என்று இந்தப் புரோகிராமுக்கு முன்கூட்டித் தெரியாது. பண்ணைக்குப் பண்ணை பட்டியல் மாறும். அந்தப் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு மெஷினுக்கும் பதிலாகத் தனக்குள்ளே ஒரு பொருளை உருவாக்கிக்கொள்ளும். ஆப்ஜெக்ட் என்பார்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையாகப் போய், ஓடுகிற ஓட்டத்திலேயே ஒவ்வொன்றையும் "நீ என்ன வகை" என்று கேட்கும். அடைகாக்கும் மெஷின், அதாவது செட்டர் என்றால் சூடு பார்க்கும். ஜெனரேட்டர் என்றால் டீசல் பார்க்கும். தெரியாத வகை என்றால் நமக்கெதற்கு என்று சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போய்விடும். ஓடும்போதே இப்படி வகையைக் கேட்டறிகிற வசதிக்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர்.

கேட்பதில் இரண்டு விதம் உண்டு. "நீ செட்டர் வம்சத்தில் வந்ததா" என்று கேட்டால், செட்டரும் ஆமாம் என்னும், செட்டரிலிருந்து பிறந்த பிள்ளை வகைகளும் ஆமாம் என்னும். "நீ அசல் செட்டரேதானா" என்று கேட்டால், பிள்ளை வகைகள் இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும். கனிஷ்கா கேட்டது இரண்டாவது விதம்.

"நான் எழுதறப்ப செட்டர்னா ஒரே வகைதானுங்க இருந்துச்சு" என்றாள் கனிஷ்கா. "எப்படிக் கேட்டாலும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்."

"சரி. அப்ப நாலாவது மட்டும் ஏன் விட்டுப்போச்சு? அதுவும் செட்டர்தான?"

கனிஷ்கா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள்.

அங்கே செட்டருக்கு ஒரு பிள்ளை வகை இருந்தது. ஆங்கில எழுத்தில், மாமாசெட்டர் என்று பெயர். எழுதியவர் கிருபாசங்கர். பண்ணையில் நாலாவது மெஷின் வந்து இறங்கிய அதே வாரம்.

சைத்ராவுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. பழைய மூன்று மெஷின்களுக்கும் போன் சென்னிமலைக்குத்தான் போகும். புதிதாக வாங்கியது பெரியது, அப்பாவுக்கு ரொம்ப ஆசையான மெஷின். "இதுக்கு மட்டும் எனக்கே போன் வரட்டுங்க மாப்பிள்ளை" என்று கேட்டிருந்தார் லட்சுமணசாமி. போனில் பேசுவது பதிவு செய்த ஒரு பெண் குரல். "எச்சரிக்கை. வெப்பம் அதிகம். உடனே கவனிக்கவும்" என்று அதட்டும். மாமனாரை ஒரு மெஷின் அதட்டலாமா? கிருபாசங்கருக்கு அது பொறுக்கவில்லை. அவருக்கென்று தனி வகை உண்டாக்கி, போன் முதலில் தனக்கு வரும்படி மாற்றியிருந்தான். வந்ததும் தானே கூப்பிட்டு, "ஏனுங்க மாமா, நல்லா இருக்கறீங்களா" என்று ஆரம்பித்துப் பதமாகச் சொல்லலாம் அல்லவா. அந்தப் பக்கத்தின் தலையில் குறிப்பே எழுதி வைத்திருந்தான்: மாமாவுக்கு மெஷின் குரல் போகக் கூடாது.

போன் வருகிறதா என்று அதை மட்டும் தனியாகச் சோதித்திருக்கிறான். வந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வரும் கனிஷ்காவின் வரிசையில் விட்டு ஓட்டிப் பார்க்கவில்லை. அங்கே அது "அசல் செட்டரா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தது. யாரும் அதன் சூட்டைப் பார்க்கவே இல்லை.

எங்கள் பக்கத்து மரியாதை பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அன்றைக்கு அந்தப் பெருமையில் ஒரு பிடி குறைந்தது.

"இதுல உன்ற தப்பு பாதிதான் கனிஷ்கா" என்றாள் சைத்ரா. தன் குரலே அவளுக்கு வேறாகக் கேட்டது. "நீ எப்ப கண்டுபிடிச்ச?"

"அடுத்த நாள். செவ்வாக்கிழமை. பாக்கறதுக்குள்ள அந்த வரி மாறியிருந்துச்சுங்க."

"மாறியிருந்துச்சா? யாரு மாத்துனது?"

கனிஷ்கா மாற்றங்களின் வரலாற்றைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு பன்னிரண்டு. "அசலா" என்ற கேள்வி "வம்சமா" என்று திருத்தப்பட்டிருந்தது. ஆறு இருபதுக்குப் பண்ணைப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மாற்றியவர் கிருபாசங்கர். மற்ற மாற்றங்களுக்கெல்லாம் பக்கத்தில் இரண்டு வரிக் காரணம் எழுதுகிறவன், இதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"என்னைக் காப்பாத்தறதுக்குத்தான் சொல்லாம இருக்கறாருன்னு நெனச்சேனுங்க. நானா எப்படிச் சொல்றது? அம்மாகிட்ட மட்டும் நேத்துச் சொன்னேன்."

சைத்ரா அந்த நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அவள் வெந்நீர் டம்ளரோடு பண்ணையில் நின்றபோது அவனும் பக்கத்தில் நின்றான். ஒவ்வொரு முறை சைரன் அடித்ததும் அவள் கணக்கு வைக்க, அவன் குறித்துக்கொண்டான். சரிசெய்து முடித்த பெட்டியை அவளைச் சோதிக்கவிட்டு, தெரியாதவன் மாதிரி நின்றிருக்கிறான். இந்த இரண்டு வருடத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன்தான்.

மூன்றே காலுக்குப் பைக் வந்து நின்றது.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் மாடியில் அவனை "கிருபா, நீ" என்பாள் சைத்ரா. படியிறங்கும்போது அது "என்னங்க" ஆகிவிடும். இன்றைக்கு ஹாலிலேயே, மாமியார் நிற்கும்போதே கேட்டாள்.

"செவ்வாக்கிழமை காலைல ஆறு பன்னெண்டுக்கு நீ என்ன பண்ணிட்டு இருந்த கிருபா?"

அவன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தங்கையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமை ராத்திரியே சொல்லிருக்கலாம்" என்றான். "மொதல்ல சரிபண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். காலைல பண்ணைக்குப் போனா, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே மாமா என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. 'உங்க சாமான் மேல எனக்குச் சந்தேகமே இல்லீங்க மாப்பிள்ளை'ன்னாரு. ரெண்டு வருசத்துல அவரு என்ற கையப் புடிச்சது அதுதான் மொதத் தடவை. அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

"சென்னிமலை அண்ணன் வேலை போறப்பவும் வரல?"

"கொஞ்ச நாள்ல மாமாவே திருப்பிக் கூப்பிட்டுக்குவாருன்னு நெனச்சேன். கேஸ் வரைக்கும் போவாருன்னு நெனைக்கல."

"என்ற கையெழுத்துக் கேட்டப்பவும் வரல."

சைத்ராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடிக்கலாம் போல இருந்தது. அவனைத் தன் அப்பாவிடமிருந்து காப்பாற்ற அவள் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அந்த அப்பாவைத்தான் இவன் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறான், அதுவும் அவள் கையாலேயே.

சாமியாத்தாள் இதுவரை தூணோடு தூணாக நின்றவள், மகனுக்கு எதிரே வந்தாள்.

"எனக்கு உங்க கம்ப்யூட்டரு தெரியாது. கனிஷ்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் வெளங்குச்சு. சம்பந்தியாச்சேன்னு தனி ரூம்புல தனி எலை போட்டு உக்கார வெச்சிருக்கற. பரிமாற வந்தவிய பந்தியிலயே பரிமாறிட்டுப் போயிட்டாங்க. அந்த மனுசன் வெறும் எலைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு. அவ்வளவுதானப்பா?"

"ஆமாம்மா."

"பரிமாற மறந்தது தப்புன்னா மன்னிச்சிரலாம். வெறும் எலைன்னு தெரிஞ்சும் சாப்பிட்டீங்களாங்கன்னு சிரிச்சிருக்கற பாரு. அத எப்படி மன்னிக்கறது?"

சொல்லிவிட்டு அவளே ஹால் மேஜையைப் பார்த்தாள். பிறகு சைத்ராவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடுதாசிய எங்கிட்டக் குடு கண்ணு."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் குரலில் "ங்க" இல்லை. சைத்ரா கடிதத்தைக் கொடுத்தாள். சாமியாத்தாள் அதை நான்காகக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே லட்சுமணசாமி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. சாமியாத்தாள் எழுந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றாள். கிருபாசங்கர் உட்காரவில்லை.

"கடுதாசி ரெடிங்களா மாப்பிள்ளை? அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருக்காரு."

"கடுதாசி இல்லீங்க மாமா."

"இல்லீங்களா?"

கிருபாசங்கர் மனைவியைப் பார்த்தான். அவள் உதவவில்லை. இதை அவன்தான் சொல்லியாக வேண்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அவன் காத்திருந்தான். அதுவும் சாக்குதான்.

"பெட்டி அடிக்காததுக்குக் காரணம் சென்னிமலை அண்ணன் இல்லீங்க. நான்தானுங்க. உங்க மெஷினத் தனியா வெக்கறேன்னு நான் பண்ணுன வேலையில அது வரிசையிலயே இல்லாமப் போயிருச்சுங்க. அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். சரிபண்ணிப்போட்டு, சொல்லாம மறைச்சுட்டேனுங்க."

"நான் எழுதுனதுலயும் பாதித் தப்பு இருக்குதுங்க மாமா" என்றாள் கனிஷ்கா, சமையலறை வாசலிலிருந்து.

லட்சுமணசாமி யாரையும் பார்க்கவில்லை. தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு மாப்பிள்ளையின் கையைப் பிடித்த கை.

"நைனா" என்றாள் மெதுவாக.

அவர் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ துணிப்பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. மேஜைமேல் வைத்து நீவினார்.

"அப்படின்னா இத என்னன்னு சொல்றதுங்க மாப்பிள்ளை?" என்றார். "இன்னிக்கு வெடியால சென்னிமலை எங்கூட்டுக்கு வந்து குடுத்தான். சைரன் சுவிட்ச அணைச்சது நான்தான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கறான். யாருடா எழுதச் சொன்னாங்கன்னு கேட்டேன். ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிட்டான்."

சைத்ரா காகிதத்தை எடுத்தாள். கோணல்மாணலான எழுத்து. சென்னிமலையின் எழுத்துத்தான், அவளுக்குத் தெரியும். அஞ்சாவதுக்கு மேல் படிக்காத மனிதர். நான்கு வரிதான் இருந்தது. மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது.

எச்சரிக்கைப் பெட்டியின் செயல்பாட்டில் எவ்விதக் குறையும் காணப்படவில்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் கிழித்துப் போட்ட கடிதத்தின் முதல் வரி. ஓர் எழுத்து மாறவில்லை. அந்தக் கடிதம் மாடி மேஜையை விட்டு எங்கேயும் போகவில்லை. அதைப் பார்த்தவர்கள் இந்த வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான்.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவனும் எட்டி அந்த வரியைப் படித்திருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. பார்த்தால் உண்மையாகவே திகைத்துப்போனவன் போலத்தான் இருந்தான். ஆனால் பதினோரு நாளாக அவள் நம்பிக்கொண்டிருந்ததும் இதே முகத்தைத்தான்.